சுகர் மாத்திரை ஈரலைக் கெடுக்குமா, நடந்தால் மட்டும் போதுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 54 வயது, 80 கிலோ, எட்டு வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். மது, புகை கிடையாது. மாஸ்டர் செக்கப் செய்ததில் ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘கிரேட் 2 ஃபேட்டி லிவர்’ என்று வந்திருக்கிறது. ஈரலுக்கான ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. 62, எஸ்.ஜி.ஓ.டி. 48, ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) 2.10 லட்சம். “வருஷக்கணக்கா மாத்திரையைப் போட்டு ஈரலைக் கெடுத்துக்கிட்டான், அதையெல்லாம் நிறுத்திட்டு நடக்கச் சொல்லு” என்கிறார் பெரியப்பா. நிறுத்தலாமா?

நிறுத்தக் கூடாது. ஆனால் பெரியப்பா சொன்னதில் பாதி சரி. நடக்கச் சொன்னாரே, அந்தப் பாதி.

மெட்ஃபார்மின் ஈரலைக் கெடுப்பதில்லை. ‘மாத்திரை போட்டார், அப்புறம் ஈரலில் கொழுப்பு வந்தது’ என்று வீட்டில் கணக்குப் போடுகிறார்கள். பெரும்பாலும் நடப்பது தலைகீழ். ஈரலில் கொழுப்பு சேர ஆரம்பித்துச் சில ஆண்டுகள் கழித்துத்தான் சுகர் தலைகாட்டும். அன்றைக்கு யாரும் வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பார்க்காததால் தெரியாமல் போகிறது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஈரலில் கொழுப்பு இருக்கிறது. அப்பா தனி ஆள் இல்லை.

ஈரல் இதில் எங்கே வருகிறது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். என்னிடம் வருகிறவர்கள் வாரத்துக்கு இரண்டு முறையாவது இதைக் கேட்பார்கள்: “டாக்டர், ராத்திரி ரெண்டே ரெண்டு இட்லி. அதுக்கப்புறம் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல. காலைல பார்த்தா 170. எங்கேருந்து வந்துச்சு?” ஈரலிலிருந்து வந்தது. நாம் தூங்கும்போது மூளைக்கும் ரத்த அணுக்களுக்கும் சர்க்கரை வேண்டும். கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ எடையுள்ள இந்த உறுப்பு, தான் சேமித்து வைத்ததிலிருந்தும் புதிதாகச் செய்தும் ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறது. ‘போதும், நிறுத்து’ என்று சொல்ல வேண்டியது இன்சுலின். நீரிழிவில் அந்தச் சொல்லை ஈரல் காதில் வாங்குவதில்லை. இருப்பது போதாதென்று மேலும் மேலும் தயாரித்து ஊற்றுகிறது. மெட்ஃபார்மின் இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது: ஈரல் புதிதாகச் சர்க்கரை செய்வதைக் குறைக்கிறது. 1957-இல் பாரிசில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதிய மருந்து. அறுபது ஆண்டுக்கு மேலாக உலகம் முழுக்கப் புழங்குகிறது. சிறுநீரகம் மிகவும் கெட்டவர்கள், ஈரல் முற்றிலும் சுருங்கி வயிற்றில் நீர் கோத்தவர்கள், அதிகம் குடிப்பவர்கள் ஆகியோருக்குத்தான் இதைத் தவிர்ப்போம்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மெட்ஃபார்மின் ஈரலைக் கெடுக்காது, சரி. ஈரலில் படிந்த கொழுப்பை அது கரைப்பதும் இல்லை. சுகர் எண் இறங்கும், ஸ்கேன் ரிப்போர்ட் அப்படியே இருக்கும். சுகர் கட்டுப்பாட்டில் இருந்தால் ஈரலும் நன்றாகத்தான் இருக்கும் என்று பலர் நம்பி விட்டுவிடுவது இதனால்தான்.

அப்படியானால் அந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது? எண்ணெயும் நெய்யும் நேராகப் போய் ஈரலில் படிகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். 2005-இல் அமெரிக்காவில் இதைத் தடம் பிடித்துப் பார்த்தார்கள். ஈரல் கொழுப்பில் ஏறக்குறைய 59 சதவீதம் உடம்பின் கொழுப்புத் திசுக்களிலிருந்து ரத்தத்தில் கசிந்து வந்தது. 26 சதவீதம் ஈரலே மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் புதிதாகச் செய்தது. சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்து நேராக வந்தது 15 சதவீதம்தான். எண்ணெயை அளந்து அளந்து ஊற்றிவிட்டு ஒரு குண்டான் சாதத்தையும் இரண்டு டம்ளர் ஜூசையும் கணக்கில் சேர்க்காமல் விடுகிற வீடுகள் இந்த 26 சதவீதத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இங்கேதான் தசை வருகிறது. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை அதிகம் வாங்கிக்கொள்ள வேண்டியது தொடை, இடுப்பு போன்ற பெரிய தசைகள். வயலுக்குப் போகும் வாய்க்கால் தூர்ந்துவிட்டால் தண்ணீர் கண்மாயிலேயே தேங்கும் இல்லையா, அப்படித்தான். தசை வாங்க மறுத்த சர்க்கரை ஈரலுக்குப் போய்ச் சேர்கிறது, ஈரல் அதைக் கொழுப்பாக்கி வைக்கிறது. நடக்கும்போது தசை சுருங்கி விரிகிறது. அந்த அசைவே தசைச் செல்லில் சர்க்கரை நுழையும் கதவைத் திறந்துவிடும், அதற்கு இன்சுலின் அனுமதிகூடத் தேவையில்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில் இது எவ்வளவு பெரிய சலுகை என்று பாருங்கள். யேல் பல்கலைக்கழகத்தில் 2011-இல் செய்த ஒரு ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். இன்சுலின் சரியாக வேலை செய்யாத, ஆனால் ஒல்லியான இளைஞர்களை ஒரே ஒரு தடவை முக்கால் மணி நேரம் உடற்பயிற்சி செய்ய வைத்து, பிறகு இனிப்பான உணவு கொடுத்தார்கள். அந்த ஒரு தடவையிலேயே அவர்களுடைய ஈரல் புதிதாகக் கொழுப்பு தயாரிப்பது சுமார் 30 சதவீதம் குறைந்தது. மாதக்கணக்கில் இல்லை, அன்றைக்கே.

“நடக்கிறேன் டாக்டர், வெயிட்டே குறையலையே” என்று மூன்றாம் மாதத்தில் விட்டுவிடுகிறவர்கள் அடுத்து வருவதைக் கவனமாகப் படியுங்கள். எடை குறையாவிட்டாலும் ஈரல் கொழுப்பு குறையும். 2009-இல் சிட்னியில் பருமனானவர்களை நான்கு வாரம் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். தராசு முள் அசையவில்லை. ஈரல் கொழுப்பு ஐந்தில் ஒரு பங்கு இறங்கியிருந்தது. இத்தாலியின் வெரோனாவில் அப்பாவைப் போலவே நீரிழிவும் கொழுப்பு ஈரலும் உள்ள 31 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு நடை, ஓட்டம் போன்ற பயிற்சியும் இன்னொரு குழுவுக்கு எடை தூக்கும் பயிற்சியும் நான்கு மாதம் கொடுத்தார்கள். முதல் குழுவில் ஈரல் கொழுப்பு இருந்த அளவில் சுமார் 33 சதவீதமும் இரண்டாவதில் 26 சதவீதமும் குறைந்தது. முட்டிவலியால் நடக்க முடியாதவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. உட்கார்ந்தபடியே தசைக்கு வேலை கொடுத்தாலும் ஈரலுக்குப் போய்ச் சேருகிறது. ஓடித்தான் ஆக வேண்டுமா என்பதற்கும் பதில் உண்டு. சீனாவில் 220 பேரிடம் ஓராண்டு செய்த ஆய்வில் வாரம் 150 நிமிடம் வேகமாக நடந்தவர்களுக்கும் ஓடியவர்களுக்கும் ஈரல் கொழுப்பு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் குறைந்தது.

எடையும் குறைந்தால் பலன் இன்னும் பெரிது, அதை மறுக்கவில்லை. கியூபாவின் ஹவானாவில் 293 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து, முன்பும் பின்பும் ஈரலில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். பத்து சதவீதம் எடை குறைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு ஈரல் அழற்சி அடங்கிவிட்டது. 45 சதவீதம் பேருக்கு அழற்சியால் ஈரலில் ஏறியிருந்த தழும்புகூடப் பின்வாங்கியது. அப்பாவுக்குப் பத்து சதவீதம் என்றால் எட்டு கிலோ. முதலில் நான்கு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து சதவீதத்துக்கே கொழுப்பு குறைய ஆரம்பிக்கும்.

ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கும் ஒருவர் என்னிடம் வருவார். நடக்கச் சொன்னதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. “காலைல பத்து மணிக்கு நின்னா ராத்திரி ஒம்போதரைக்குத்தான் சார் உட்கார்றேன். இதுக்கு மேல என்ன எக்சர்சைஸ்?” அவர் களைத்துப் போகிறார் என்பது உண்மை. ஆனால் நிற்பது வேறு, தசை சுருங்கி விரிவது வேறு. ஒரே இடத்தில் பதினொரு மணி நேரம் நின்றால் காலில் வீக்கம் வரும், வாய்க்கால் திறக்காது. கடையில் மூன்று மாடி. மதியம் சாப்பிட்டபின் லிஃப்டை விட்டுவிட்டு இரண்டு முறை படியேறி இறங்கச் சொன்னேன், ராத்திரி பஸ்ஸில் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி வீட்டுக்கு வேகமாக நடக்கச் சொன்னேன். தனியாக நேரம் ஒதுக்க அவருக்கு வழியில்லை, அதனால் இப்படி. ஆறு மாதத்தில் எடை இரண்டு கிலோதான் குறைந்தது. எஸ்.ஜி.பி.டி. 71-இலிருந்து 39-க்கு வந்தது. ஒருவருடைய கதை ஆய்வு ஆகாது, தெரியும். ஆனால் அவர் இப்போது என்னிடம் கோபப்படுவதில்லை.

அடுத்து மருந்துகள். எல்லா சுகர் மாத்திரைகளையும் ஒரே கூடையில் போடக் கூடாது. ஈரலைப் பொறுத்தவரை ஒவ்வொன்றுக்கும் குணம் வேறு. அப்பா சாப்பிடும் கிளிமிபிரைடு கணையத்தைத் தட்டி இன்சுலின் சுரக்க வைக்கும். ஈரல் கொழுப்புக்கு அதனால் லாபம் ஒன்றும் இல்லை. எடை கொஞ்சம் ஏறவும் செய்யும்.

பயோகிளிட்டசோனின் கதை விசித்திரமானது. அதன் குடும்பத்தில் முதலில் வந்தது டிரோகிளிட்டசோன். அது சிலருக்கு ஈரலையே செயலிழக்க வைத்ததால் 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டது. அதே குடும்பத்துத் தம்பிதான் இன்றைக்குக் கொழுப்பு ஈரல் அழற்சிக்கு நல்ல சான்று உள்ள பழைய மருந்து. நீரிழிவோ அதன் முந்தைய நிலையோ உள்ள 101 பேருக்கு 18 மாதம் கொடுத்துப் பார்த்ததில், மருந்து சாப்பிட்டவர்களில் 51 சதவீதம் பேருக்கு அழற்சி மறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 19 சதவீதம். ஈரலுக்குக் கசிந்து வரும் அந்த 59 சதவீதத்தைத் தோலுக்கடியில் உள்ள கொழுப்புத் திசுவிலேயே பிடித்து வைக்கிறது என்பதுதான் இதன் சூட்சுமம். அதனாலேயே எடை ஏறும், கால் வீங்கும். இதயம் பலவீனமானவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. எலும்பு முறிவு, சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பற்றிய கவலையும் உண்டு. இந்தியாவில் 2013 ஜூனில் இதைத் தடை செய்து, அடுத்த மாதமே எச்சரிக்கை வாசகத்தோடு திரும்ப அனுமதித்தார்கள். மருந்துக்கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று நீங்களாக வாங்கிக் கொடுக்கும் மருந்து இல்லை இது.

சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் எம்பாகிளிஃபுளோசின், டபாகிளிஃபுளோசின் வகை ஈரலுக்கும் நல்லது செய்கிறது. இதற்கு நம் நாட்டு ஆய்வே இருக்கிறது. டெல்லியை ஒட்டிய குருகிராமில் 50 பேரிடம் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். எம்பாகிளிஃபுளோசின் 20 வாரம் சாப்பிட்டவர்களுக்கு ஈரல் கொழுப்பு 16.2 சதவீதத்திலிருந்து 11.3-க்கு இறங்கியது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 16.4-இலிருந்து 15.5. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் சேர்த்து லாபம் என்பதால், அப்பாவுடைய மருத்துவரிடம் முதலில் இதைப் பற்றித்தான் கேட்கச் சொல்வேன். பிறப்புறுப்பில் அரிப்பு, பூஞ்சைத் தொற்று வரலாம். தண்ணீர் போதுமான அளவு குடிக்க வேண்டும். நாள் முழுக்கப் பட்டினி விரதம் இருக்கும் நாளில் என்ன செய்வது என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வாரம் ஒரு முறை போடும் செமாகுளுட்டைடு ஊசி இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிறது. பசியை அடக்கி, எடையைக் குறைத்து, அந்த வழியில் ஈரலையும் இளைக்க வைக்கிறது. 2025-இல் வெளியான பெரிய ஆய்வில் 72 வாரத்தில் 63 சதவீதம் பேருக்கு அழற்சி அடங்கியது. மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களில் 34 சதவீதம். அந்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஓரளவு தழும்பு ஏறிய ஈரல் அழற்சிக்கு இதை அனுமதித்தது. ஆனால் இந்த ஊசியில் இறங்கும் எடையில் தசையும் ஒரு பங்கு போகிறது. தசைதான் வாய்க்கால் என்றோமே, ஊசி போடுகிறவர்கள் எடை தூக்கும் பயிற்சியை விட்டால் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிக்கொள்கிற கதைதான்.

மருந்தும் நடையும் சேர்ந்தால் பலன் இரட்டிப்பாகுமா? ஆகும் என்றுதான் தோன்றும். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தில் உலகப் புகழ் பெற்றது. மூன்றாண்டில் ஒன்றும் செய்யாதவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சுகர் வந்துவிட்டது. வாழ்க்கை முறையை மாற்றியவர்களில் 39.3, மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டவர்களில் 40.5, இரண்டும் செய்தவர்களில் 39.5. கூட்டினாலும் அதே எண். 2019-இல் வந்த இன்னொரு ஆய்வு, வயதானவர்களில் உடற்பயிற்சியால் தசைக்குள் நடக்கும் சில நல்ல மாற்றங்களை மெட்ஃபார்மின் மட்டுப்படுத்துகிறது என்றது. இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும், அதனால் அழுத்திச் சொல்கிறேன்: அந்த இரண்டு ஆய்விலும் இருந்தவர்கள் சுகர் வராதவர்கள். எட்டு வருடமாகச் சுகர் உள்ளவருக்கு மெட்ஃபார்மின் ராத்திரிச் சர்க்கரையைப் பிடிக்கிறது, நடை பகல் சர்க்கரையையும் ஈரல் கொழுப்பையும் பிடிக்கிறது. இரண்டும் வேறு வேறு வேலை, ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை.

இணையத்தில் ‘நீரிழிவு எலிகளில் உடற்பயிற்சியும் இன்ன மூலிகையும் ஈரலைக் காத்தன’ என்ற ஆய்வுகள் ஏராளமாகக் கிடைக்கும். பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்ற ரசாயனத்தை ஏற்றிக் கணையச் செல்களை அழித்துச் செயற்கையாகச் சுகர் வரவழைத்த எலிகள். அது கிட்டத்தட்ட முதல் வகை நீரிழிவு, அப்பாவுக்கு இருப்பது இரண்டாம் வகை. போதாததற்கு, அந்த ரசாயனம் நுழையும் அதே கதவு ஈரல் செல்லிலும் உண்டு, ஆகவே ஈரலில் தெரியும் சேதம் சுகரால் வந்ததா, ரசாயனத்தால் வந்ததா என்று பிரிப்பது கஷ்டம். எலி ஆய்வை நம்பிப் பொடி வாங்காதீர்கள். கீழாநெல்லியும் அப்படித்தான். 1988-இல் சென்னையிலிருந்து வந்த ஆய்வு அதைப் புகழடைய வைத்தது, ஆனால் அது ஹெபடைடிஸ் பி வைரசுக்காகச் செய்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் நிலைக்கவில்லை. கொரோனா நாளில் சீந்தில் கஷாயம் குடித்து ஈரல் பாதித்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ‘இயற்கைதானே’ என்பது ஈரலுக்குத் தெரியாது.

இப்போது அப்பாவுடைய ரிப்போர்ட்டுக்கு வருவோம். ‘கிரேட் 2’ என்பது கொழுப்பின் அளவைக் கண்ணால் பார்த்துச் சொன்ன மதிப்பீடு. பார்க்கிறவரைப் பொறுத்து ஒன்று கூடலாம், குறையலாம். நமக்குத் தெரிய வேண்டியது தழும்பு ஏறியிருக்கிறதா என்பது, அதை இந்த எண் சொல்லாது. கையிலுள்ள ரிப்போர்ட்டை வைத்தே ஒரு கணக்குப் போடலாம், ஃபிப்-4 என்பார்கள். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள்: 54-ஐ 48-ஆல் பெருக்க 2592. எஸ்.ஜி.பி.டி. 62-இன் வர்க்கமூலம் 7.87. பிளேட்லெட் 2.10 லட்சத்தை 210 என்று எடுத்து 7.87-ஆல் பெருக்கினால் 1653. முதல் எண்ணை இதனால் வகுத்தால் 1.57. இது 1.3-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. 2.67-க்கு மேல் போனால் ஈரல் மருத்துவரிடம் உடனே போக வேண்டும். அப்பா நடுவில் நிற்கிறார். ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் ஒன்று எடுத்துவிடுங்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது, பத்து நிமிட வேலை, மூன்று மணி நேரம் வெறும் வயிறாக இருந்தால் போதும். அந்த இறுக்கம் எட்டு கிலோபாஸ்கலுக்கு (அதை அளக்கும் அலகு) கீழே வந்தால் நடையும் மருந்தும் போதும், ஒன்றிரண்டு வருடத்தில் மறுபடி பார்க்கலாம். அதற்கு மேல் என்றால் பயோகிளிட்டசோனா, ஊசியா என்ற பேச்சு அப்போது வரும்.

கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதையும் ‘ஈரலுக்கு ஆகாது’ என்று நிறுத்திவிடாதீர்கள். கொழுப்பு ஈரல் உள்ளவர்களை அதிகம் கொண்டுபோவது ஈரல் இல்லை, மாரடைப்புதான்.

நடையை எப்படி ஆரம்பிப்பது? முதலில் இரண்டு வாரம், ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பிறகு பத்து நிமிடம். பிறகு வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம், பேச வர வேண்டும், பாட வரக் கூடாது, அந்த வேகம். வாரம் இரண்டு நாள் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்கார்வது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது. உடற்பயிற்சியால் இன்சுலினுக்குக் கிடைக்கும் உதவி ஒன்றிரண்டு நாள்தான் நிற்கும், அதனால் சேர்ந்தாற்போல் இரண்டு நாளுக்கு மேல் விடக் கூடாது. கிளிமிபிரைடு சாப்பிடுவதால் சட்டைப்பையில் நான்கு குளுக்கோஸ் மிட்டாய் இருக்கட்டும். நடக்கும்போது கை நடுங்கி வியர்த்தால் உடனே வாயில் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். நடை பழகப் பழகச் சுகர் இறங்கும், அப்போது மருத்துவர் முதலில் குறைப்பதும் அந்தக் கிளிமிபிரைடாகத்தான் இருக்கும். கண் விழித்திரையை ஒருமுறை காட்டிவிட்டு எடை தூக்க ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதைப் பல பேர் சொல்வதில்லை. எஸ்.ஜி.ஓ.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும் ஈரலில் மட்டும் இல்லை, தசையிலும் உண்டு. பழக்கமில்லாமல் எடை தூக்கினால் ஒரு வாரம் வரை இரண்டும் ஏறியே இருக்கும். மூன்று மாதம் கழித்து லேபுக்குப் போகும்போது, அதற்கு முந்தைய ஒரு வாரம் அப்பா நடக்க மட்டும் செய்யட்டும். இல்லாவிட்டால் எண் ஏறியிருப்பதைப் பார்த்துவிட்டுப் பெரியப்பா இந்தத் தடவை நடையை நிறுத்தச் சொல்வார்.